"மிஷின் அப்படித்தான் சார்" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

இது நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் விட்டுவிட்டு 'அருமை சார்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் அண்ணியை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை. அண்ணனின் குடும்ப ஓய்வூதியத்தில் அண்ணியின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். விண்ணப்பத்தோடு அண்ணனின் பழைய ஓய்வூதிய ஆணையின் நகலையும் கேட்டார்கள். அலுவலகத்துக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை. எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றோம். ஒன்றரை மணி நேரம். அண்ணிக்கு எழுபத்தெட்டு வயது, முட்டி வலி வேறு. எங்கள் முறை வந்தது. கவுண்ட்டரில் இருந்தவர் நகலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "ஆர்டர் நம்பரே தெரியலையேம்மா. நல்ல காப்பியா எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. கோபம் எல்லாம் எதிர்க் கடையில்தான் வந்தது. "தம்பி, கொஞ்சம் கறுப்பா எடுத்துக் கொடுப்பா" என்றேன். மறுபடி எடுத்தான். அதே சாம்பல் நிறம். "மிஷின் அப்படித்தான் சார்" என்றான். பக்கத்தில் நின்ற இன்னொருவர் தன் கையில் இருந்த மங்கலான நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் சார்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். அண்ணியோ, "விடுங்க தம்பி, இன்னொரு நாள் வரலாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னொரு நாள் என்றால் இன்னொரு ஆட்டோ, இன்னொரு ஒன்றரை மணி நேர வரிசை.

அன்று ராத்திரி குடும்பக் குழுவில் இதைப் போட்டேன். என் தங்கை மகன், சென்னையில் கணினி வேலை, "மாமா, இதுக்குப் போய் டென்ஷன் ஆகலாமா? இப்ப எல்லாம் டிஜிட்டல். ஜெராக்ஸ் எல்லாம் பழைய காலம்" என்று எழுதினான். நாலு பேர் அதற்கு கட்டை விரல் போட்டார்கள். அந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும்.

பதினைந்து பதினாறு வருடங்களுக்கு முன், நான் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தேன். எந்தப் பள்ளி என்று அங்கே படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. பள்ளியில் ஒரு ஜெராக்ஸ் மிஷின் இருந்தது. டோனர் வாங்கப் பணம் எப்போதும் இழுபறி. அலுவலக உதவியாளர் வந்து, "சார், இதுல டோனர் மிச்சம் பிடிக்கிற செட்டிங் இருக்கு, போட்டுரட்டுமா?" என்று கேட்டார். "போடுங்க. படிக்கத் தெரிஞ்சா போதும்" என்று சொன்னது நான். எந்தக் கம்பெனியும் இல்லை, எந்த மிஷினும் இல்லை. நான்.

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு. கணக்கு வினாத்தாள் ஓடிக்கொண்டிருந்தபோதே டோனர் தீர ஆரம்பித்திருக்கிறது. முதலில் ஓடிய தாள்கள் பரவாயில்லை. கடைசியில் ஓடியவை சாம்பல். முதலில் ஓடியவை முதல் பெஞ்சுகளுக்குப் போயின, கடைசியில் ஓடியவை கடைசிப் பெஞ்சுகளுக்கு. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் எப்போதும் அப்படித்தானே நடக்கிறது? நல்ல காப்பி மேலதிகாரிக்கு, ஃபைலுக்கு, ஆய்வுக்கு வருகிறவருக்கு. மங்கல் காப்பி கடைசியில் இருப்பவருக்கு.

கணக்கு இதுதான்: x² − 5x + 6 = 0, காரணிப்படுத்தித் தீர்க்க. விடை 2, 3. கடைசிப் பெஞ்சுப் பெண் ஒருத்தி −2, −3 என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு படியும் சுத்தமாக இருந்தது. நான் முதல் வரியைப் பார்த்தேன். x² + 5x என்று எடுத்து எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பையன் ஒருவனும் அதே மாதிரி. விடைத்தாள் கொடுக்கும்போது அவனை எழுப்பி, "பத்தாவது வந்தாச்சு, குறி கூடப் பாக்கத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பெண் மறுநாள் வினாத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. "சார், இதுல என்ன குறி போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். x² இருந்தது, 5x இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. மைனஸ் என்பது என்ன, ஒரு சின்னக் கோடு. டோனர் குறைந்தால் முதலில் போகிறது அந்த மாதிரிக் கோடுதான், தசமப் புள்ளிதான், அடுக்கில் இருக்கும் குட்டி இரண்டுதான். கட்டை எழுத்தில் இருக்கும் பள்ளியின் பெயர் கடைசி வரை தெரியும்! பின் பெஞ்சுத் தாள்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐந்து பேர். ஐந்து பேருக்கும் மதிப்பெண் போட்டேன். ஆனால் எல்லார் முன்னாலும் திட்டியதை எப்படித் திருப்பி எடுப்பது? அன்றைக்கு அந்தப் பையனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான். தம்பி, நீ இதைப் படிக்கிறாயா தெரியாது. உனக்குக் குறி பார்க்கத் தெரியும். குறி இல்லாத தாளைக் கொடுத்தவன் நான்.

அதற்கப்புறம்தான் அந்த மிஷினை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. பழுது பார்க்க வருகிறவர் வரும்போதெல்லாம் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பாவம், அவருக்கு என்னைப் பார்த்தாலே பயம்.

இதன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. செஸ்டர் கார்ல்சன் என்று ஓர் அமெரிக்கர். நியூயார்க்கில் காப்புரிமைப் பிரிவில் வேலை. ஆவணங்களைத் திரும்பத் திரும்பக் கையால் எழுதி எடுக்க வேண்டியிருந்தது. கண் பார்வை சரியில்லை, மூட்டு வாதம் வேறு. எழுதுவதே வேதனை. நகல் எடுக்க வேறு வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். 1938 அக்டோபர் 22 அன்று, அஸ்டோரியா என்ற இடத்தில் ஒரு சின்ன அறையில், ஓட்டோ கோர்னெய் என்ற உதவியாளரோடு சேர்ந்து முதல் நகலை எடுத்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். தேதியையும் இடத்தின் பெயரையும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து விளக்கைப் போட்டார்கள். ஒரு பொடியைத் தூவி ஊதினார்கள். எழுத்து இருந்த இடத்தில் பொடி நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். பல பெரிய கம்பெனிகள் இது வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகிற மாதிரி ஒரு மிஷின், 914 என்று பெயர், 1959-இல்தான் வெளிவந்தது. உலர்ந்த எழுத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர்தான் நம் தெருமுனையில் 'ஜெராக்ஸ்' என்று பலகையில் தொங்குகிறது.

இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். எழுதக் கை வலித்த ஒரு மனிதர், எல்லாருக்கும் தெளிவான நகல் கிடைக்க வேண்டும் என்று இருபது வருடம் போராடிக் கொண்டுவந்தது இது. நாம் அதை வைத்துக்கொண்டு 'அப்படித்தான்' என்கிறோம்.

இப்போது மிஷினுக்குள் வாருங்கள். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அதே சங்கதிதான். டிரம் என்று ஓர் உருளை. அதன் மேல் மின்னூட்டம் ஏறுகிறது. வெளிச்சம் பட்டு எழுத்தின் உருவம் கண்ணுக்குத் தெரியாத மின்னூட்டமாக அதில் பதிகிறது. டோனர் பொடி அந்த உருவத்தில் மட்டும் ஒட்டுகிறது. கீழே ஓடும் தாளுக்கு எதிர் மின்னூட்டம் கொடுத்துப் பொடியைத் தாளுக்கு இழுக்கிறார்கள். பிறகு சூடான உருளை அதை உருக்கித் தாளோடு ஒட்டவைக்கிறது. பொடி என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக், அதனால் உருகும்.

இதில் எங்கே தடுக்கினாலும் நகல் மங்கும். ஆனால் எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடிக்கலாம், அதற்கு இன்ஜினியர் வேண்டாம். பொறுமை இருந்தால் போதும். கணினியோடு இணைத்த மிஷின் என்றால், கணினியிலிருந்து ஒரு பக்கம் பிரிண்ட் கொடுங்கள். பிரிண்ட் கறுப்பாக வந்து, நகல் மட்டும் மங்கினால் கோளாறு மேலே கண்ணாடிப் பக்கம் அல்லது செட்டிங்கில். இரண்டும் மங்கினால் உள்ளே. உள்ளே என்றால், பழுது பார்ப்பவர்கள் ஒன்று செய்வார்கள்: தாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கதவைத் திறந்து மிஷினைப் பாதியில் நிறுத்துவார்கள். டிரம்மில் உருவம் நல்ல கறுப்பாக இருந்து தாளில் மட்டும் மங்கலாக இருந்தால், பொடி தாளுக்கு மாறும் இடத்தில் கோளாறு. டிரம்மிலேயே மங்கலாக இருந்தால் அதற்கு முன்னால். இதை நீங்கள் செய்ய வேண்டாம், டிரம்மில் கை படக்கூடாது, வெளிச்சமும் அதிகம் படக்கூடாது. வருகிறவர் செய்கிறாரா என்று பாருங்கள். செய்யாமலே "டிரம் மாத்தணும் சார்" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மங்குகிற விதத்தையும் பார்க்க வேண்டும். தாள் முழுக்க ஒரே மாதிரி மங்கல் என்றால் டோனர் குறைவு, செட்டிங், அல்லது உள்ளே இருக்கும் டெவலப்பர் தேய்ந்துபோயிருக்கும். மேலிருந்து கீழாக ஒரு பட்டை மட்டும் வெளுத்தால், இப்போதைய மிஷின்களில் லேசர் வெளிச்சம் வருகிற கண்ணாடியில் தூசி. (பழைய மிஷின்களில் கண்ணாடியில் தூசி படிந்தால் நகல் கறுத்துப் போகும். நேர் எதிர்! அங்கே வெளிச்சம் வெள்ளைப் பகுதியை அழிக்கும், இங்கே லேசர் கறுப்பை எழுதும். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம், ஒரு தேற்றத்தை நிரூபித்த மாதிரி.) அங்கங்கே திட்டுத் திட்டாக வெளுத்தால் தாளைச் சந்தேகப்படுங்கள். நமத்துப்போன தாள் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்காது, பொடி முழுசாக ஏறாது. விரலால் தேய்த்தால் எழுத்து கையோடு வந்தால் சூடு போதவில்லை, அல்லது அந்த மிஷினுக்குச் சேராத பொடியை நிரப்பியிருக்கிறார்கள். எல்லா மிஷினுக்கும் ஒரே பொடி என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள்.

சரி, கடைக்குத் திரும்புவோம். மறுநாள் காலை கடை திறந்ததும் போய்விட்டேன், கூட்டம் வருவதற்கு முன்னால். "தம்பி, நான் ரிட்டயர்ட் வாத்தியார். உன் மிஷினைக் குறை சொல்ல வரலை. பத்து நிமிஷம் குடு" என்றேன். பையன் நல்லவன். பயந்துகொண்டே சரி என்றான்.

முதலில் பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். அதுவும் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் நகல் அளவுக்கு இல்லை. ஆக, இரண்டு இடத்தில் கோளாறு. செட்டிங்கைத் திறந்து பார்த்தான். டோனர் மிச்சம் பிடிக்கிற பொத்தான் போட்டிருந்தது. யார் போட்டது என்றே அவனுக்குத் தெரியாது, பழைய ஓனர் காலத்திலிருந்து அப்படியே இருக்கிறதாம். (நான் எதுவும் பேசவில்லை. எனக்கு அந்தப் பொத்தானோடு பழைய கணக்கு இருக்கிறது.) நகல் எடுப்பது தானியங்கி முறையில். அந்த முறையில் மிஷின் தாளின் பின்னணி நிறத்தைத் தானே கழித்துவிடும். புதுத் தாளுக்கு நல்லதுதான். ஆனால் அண்ணனின் ஆணை பழுப்பேறிய தாள், அதில் நீலக் கார்பன் தட்டச்சு. பின்னணியோடு எழுத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டது. எழுத்துக்கான முறைக்கு மாற்றி, கருமையை இரண்டு படி ஏற்றச் சொன்னேன். அப்புறம் தாள். ஐப்பசி மழை, கதவு ஓரம், பிரித்த கட்டு தரையிலேயே கிடந்தது. தொட்டாலே குளிர்ச்சி. பிரிக்காத கட்டு ஒன்றை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னேன். மேல் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்தான். துணியில் வந்த அழுக்கைப் பார்த்து அவனே சிரித்துவிட்டான்.

நகல் எடுத்தான். ஆணை எண் வந்தது. தேதி வந்தது. அண்ணன் பெயருக்குக் கீழே அதிகாரியின் கையெழுத்து, அதன் மேல் விழுந்த ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் வந்தது. செலவு? புதுசாக ஒரு நயா பைசா இல்லை.

இப்போது என் தங்கை மகனுக்கு. டிஜிட்டல் என்கிறாயே, அந்த அலுவலகத்தில் ஸ்கேன் பண்ணித்தான் ஏற்றுகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். எதை ஸ்கேன் பண்ணுகிறார்கள்? நீ கொடுக்கிற நகலை. மங்கலை ஸ்கேன் பண்ணினால் மங்கலான பிடிஎஃப் வரும், அவ்வளவுதான். நகலின் நகலின் நகல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும், அதற்கு டிஜிட்டல் என்று பெயர் வைத்தால் போகாமல் இருக்குமா? எங்கள் காலத்தில் சைக்ளோஸ்டைல். ஸ்டென்சில் வெட்டி, மை ஊற்றிக் கையால் சுற்றுவோம். அதிலும் கடைசித் தாள்கள் மங்கும். எங்கள் பள்ளியில் ஒரு வயதான உதவியாளர் இருந்தார், எட்டாவது வரை படித்தவர். கட்டை விரித்து நடுநடுவே தாளை உருவிப் பார்ப்பார். மங்கினால் கிழித்துப் போட்டுவிட்டு மையை நிரப்பி மறுபடி சுற்றுவார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பொத்தானை அழுத்துகிற மிஷின் வந்த பிறகுதான் தாளைப் பார்க்கிற ஆள் இல்லாமல் போய்விட்டார்.

டோனர் விலை அதிகம் சார் என்று சிலர் எழுதுவீர்கள். அதிகம்தான். மிச்சம் பிடிக்கிற செட்டிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்கு நாமே பார்த்துவிட்டுக் கிழிக்கிற தாளுக்குப் போடுங்கள், வரைவுக்குப் போடுங்கள். இன்னொருவர் அதைப் படித்துத் தன் மதிப்பெண்ணையோ பென்ஷனையோ பெற வேண்டியிருக்கிற தாளுக்குப் போடாதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் எடுங்கள், தேவையில்லாத பிரதிகளைக் குறையுங்கள். ஆய்வுக்கு வருகிறவருக்கு நாலு செட் கறுப்பாக எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சாம்பலில் கொடுப்பதைச் சிக்கனம் என்று சொல்லாதீர்கள். பள்ளிகளில் வேலை பார்க்கிற என் மாணவர்கள் முப்பது பேருக்கு மேல் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் பள்ளியின் அடுத்த வினாத்தாள் கட்டில் கடைசித் தாளை எடுத்து, கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மைனஸ் தெரிகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை, இது வேறு விஷயம் என்றாலும். நகைக்கடன் ரசீது, ஏடிஎம் சீட்டு, கவுண்ட்டர் ரசீது, இதெல்லாம் பளபளவென்று இருக்கிற தெர்மல் தாளில் வந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அதில் மையே கிடையாது, சூடு பட்டுக் கறுத்த தாள். சில மாதத்தில் வெளுத்துவிடும். லேமினேஷன் பண்ணினால் பத்திரமாக இருக்கும் என்று பெரியம்மா வீட்டில் ஒருமுறை செய்து, சூட்டில் முழுத் தாளும் கறுப்பானது ஞாபகம் இருக்கிறதல்லவா? ஜெராக்ஸ் நகலை மெல்லிசு பிளாஸ்டிக் கவரில் வருடக்கணக்கில் வைத்தால் எழுத்து கவரில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதையும் பாருங்கள். காகித உறை நல்லது.

அண்ணியின் விண்ணப்பத்தை வியாழக்கிழமை வாங்கிக்கொண்டார்கள். அதே கவுண்ட்டர், அதே ஆள். நகலை மறுபடி ஜன்னல் பக்கம் தூக்கினார், உடனே இறக்கிவிட்டார். ஒரு சின்ன ரசீது அடித்துக் கொடுத்தார். தெர்மல் தாள்! வெளியே வந்ததும் அண்ணியை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய் அதை இரண்டு நகல் எடுத்தேன். பையன் கேட்காமலே எழுத்து முறைக்கு மாற்றினான். நாலு ரூபாய் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான், வைத்துவிட்டு வந்தேன்.